காணாமையும் காட்டாமையும்

எழுத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட தமிழ்த்துறையினர் சாலையோரத்து எழுத்தை ஆராயப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வட்டமான தகடு, சிவந்த விளிம்பு, வெண்ணிற நடுவில் கறுப்பாக 40 என்றோ 60 என்றோ இரண்டே இலக்கங்கள். சொல் ஒன்றும் இல்லை. ஆயினும், மக்கள் கூடும் இடத்தில் ஆணையை வெட்டி வைத்த பழங்காலக் கல்வெட்டைப் போல, அரசின் கட்டளையைக் கடந்து செல்வோர் கண்ணில் படும்படி நட்டு வைத்த எழுத்து அது. படிக்க இயலாத கல்வெட்டைப் பற்றி அறிஞர் வாதிடலாம், ஆண்டுகள் பல செல்லலாம், யாருக்கும் இழப்பில்லை. படிக்க இயலாத சாலைப் பலகைக்கோ ஆயிரம் ரூபாய் அபராதம் வருகிறது.

கடந்த ஓராண்டில் இத்தகைய அபராத அறிவிப்புகள் இரண்டினை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு நேர்ந்தது. ஒன்று எனக்கே வந்தது. மற்றொன்று எம் பழைய மாணவர் ஒருவருக்கு வந்தது. முதலாவதற்கு மறுபேச்சின்றிப் பணம் செலுத்தினேன். இரண்டாவதற்குச் செலுத்த வேண்டாம், வழக்காடுங்கள் என்று நானே கூறினேன். ஒரே குற்றச்சாட்டுக்கு இருவேறு விடைகள் ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு அறிவிப்புகள்

பள்ளி ஒன்றின் முன்னால் செல்லும் சாலையில், மணிக்கு 30 கிலோமீட்டர் என்னும் எல்லையில், என் கார் 51 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. முதலில் எழுந்தது சினமே. "வேப்பங்கிளை அந்தப் பலகையை முழுதும் மறைத்துக்கொண்டிருக்கிறது, மறைந்த பலகைக்கு எப்படி அபராதம் விதிக்கலாம்?" என்று வீட்டில் உரத்த குரலில் கேட்டேன். என் துணைவியார் அமைதியாக, "மறைந்திருக்கும் பலகை அங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். விடை கூற இயலவில்லை. அக்கிளை தழைப்பதற்கு முன்பிருந்தே, ஆண்டுக்கணக்காக, அப்பலகையை நான் பார்த்து வந்திருக்கிறேன். அங்கே பள்ளி இருப்பதும் காலை ஒன்பது மணிக்குக் குழந்தைகள் சாலையைக் கடப்பதும் நான் அறியாதனவல்ல. அன்று இரவே பணம் செலுத்தினேன்.

மாணவர் நிலைமை வேறு. அவர் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு, தமக்குச் சிறிதும் பழக்கமில்லாத ஒரு நான்குவழிச் சாலையில் சென்றிருக்கிறார். 40 கிலோமீட்டர் எல்லையில் 62 கிலோமீட்டர் வேகம் என்று அறிவிப்பு வந்தது. "ஐயா, ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும். இன்னொரு தடவை வந்தால் லைசென்சையே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. அங்கே நாற்பது என்று எந்தப் பலகையையும் நான் பார்க்கவே இல்லை" என்றார்.

அவருடைய அச்சம் வீணானதன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு வேகமீறலுக்குரியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன்பு முதல்முறைக் குற்றத்திற்கு 400 ரூபாய் வரையில்தான் அபராதம். திருத்தத்திற்குப்பின், இலகு ஊர்திக்கு 1000 ரூபாய்க்குக் குறையாமலும் 2000 ரூபாய்க்கு மிகாமலும், நடுத்தர, கனரக ஊர்திகளுக்கு 2000 முதல் 4000 வரையிலும் அபராதம் விதிக்கலாம். இரண்டாம் முறையாயின் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி, தகுதியிழப்பு நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அலுவலருக்கு அனுப்பவும் சட்டம் வழிசெய்கிறது. என் போன்றோருக்கு உரிமம் ஒரு வசதி; அவருக்கோ அதுவே அடுப்பெரியும் வழி. ஆகவே, தொல்லை தீர்ந்தால் போதும் என்று முதல் அறிவிப்புக்குப் பணம் செலுத்துபவர், முதல் முறை என்னும் பதிவையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

சட்டம் பலகையைக் கேட்கும் இடம்

"பலகையை நான் காணவில்லை" என்பதும் "பலகை காணும்படி வைக்கப்படவில்லை" என்பதும் கேட்பதற்கு ஒன்றுபோலத் தோன்றும். சட்டத்தின் முன் இவை முற்றிலும் வெவ்வேறானவை. முன்னது ஓட்டுநரின் காணாமை. பின்னது அதிகாரத்தின் காட்டாமை. வேகமீறலுக்குத் தீய எண்ணம் வேண்டுவதில்லை. எல்லையை மீறினாரா இல்லையா என்பதே கேள்வி. கவனக்குறைவால் காணாமற் போனவருக்கு அக்காணாமை காப்பாகாது. காட்டாமை மெய்ப்பிக்கப்படுமாயின், அவ்வெல்லை அவ்விடத்தில் முறைப்படி நடைமுறைக்கு வந்ததா என்னும் ஐயமே எழுந்துவிடுகிறது.

இதற்குரிய அடிப்படை அச்சட்டத்தின் 112ஆம் பிரிவில் உள்ளது. அப்பிரிவு இருவகை எல்லைகளைப் பேசுகிறது. முதல்வகை, ஊர்தியின் வகைக்கும் சாலையின் வகைக்கும் ஏற்ப நாடு முழுமைக்கும் மத்திய அரசு அறிவிக்கையால் வகுக்கும் உச்ச வேகம். இதற்கு ஒவ்வொரு சாலையிலும் பலகை வேண்டும் என்பதில்லை. உரிமம் பெற்றவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இரண்டாம் வகை, பொதுமக்கள் பாதுகாப்புக் கருதியோ குறிப்பிட்ட சாலை, பாலம் ஆகியவற்றின் தன்மை கருதியோ மாநில அரசோ அதனால் அதிகாரம் பெற்ற அமைப்போ விதிக்கும் தனிக் கட்டுப்பாடு. இதனை விதிக்கும் முறையைச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது: அரசிதழில் அறிவிக்கை வெளியிட வேண்டும், அத்துடன் 116ஆம் பிரிவின்படி உரிய போக்குவரத்து அடையாளங்களைத் தகுந்த இடங்களில் நிறுவவும் வேண்டும். இரண்டையும் சட்டம் உம்மையால் இணைக்கிறது. அல்லது என்று கூறவில்லை. தமிழ் இலக்கணம் படித்தவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. கட்டுப்பாடு ஒரு மாதத்திற்கு மேற்படாமல் நீடிப்பதாயின் அறிவிக்கை தேவையில்லை என்று அப்பிரிவே விலக்கு அளிக்கிறது. சாலை செப்பனிடும்போதும் பாலப்பணி நடக்கும்போதும் வைக்கப்படும் தற்காலிகப் பலகைகள் இவ்விலக்கின்கீழ் வரத்தக்கவை. பணி முடிந்து ஒப்பந்ததாரர் பொருள்களை ஏற்றிக்கொண்டு போனபின்னும் பலகை மட்டும் அங்கேயே நின்றுவிடுவது நம் சாலைகளில் காணும் காட்சி. ஒரு மாதம் கடந்தும் நிற்கும் அத்தகைய பலகைக்கு அரசிதழ் அறிவிக்கை உண்டா என்று கேட்பது நியாயமான கேள்வியே.

ஆங்கிலேயர் நாட்டில் இக்கருத்து இன்னும் வெளிப்படையாகவே சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அங்கு 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 85ஆம் பிரிவு, எல்லையைக் காட்டும் அடையாளங்கள் உரியவாறு இல்லாத சாலையில் அவ்வெல்லையை மீறியதாக ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்கிறது. ஆனால் அங்கும் விதிவிலக்கு உண்டு. 200 கஜத்திற்கு மேற்படாத இடைவெளியில் தெருவிளக்குகள் அமைந்த இங்கிலாந்துச் சாலைகளில், வேறு எல்லை குறிக்கப்படாதவிடத்து, மணிக்கு 30 மைல் என்பதே பொது எல்லை. விளக்குக் கம்பங்களே அங்கு ஓட்டுநர்க்கு அறிவிப்பாகின்றன. எனவே இங்கும் அங்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மீறியதாகச் சொல்லப்படும் எல்லை பலகையால் வந்த எல்லையா, பலகையின்றியே உள்ள எல்லையா?

இக்கேள்விக்கு நினைவிலிருந்து விடை கூறுவது தவறாக முடியும். எண்கள் மாறுபவை. மத்திய அரசு 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை விரைவுச்சாலையில் கார்களுக்கு 120 கிலோமீட்டர் வரை இடமளித்தது. 2021ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம், விபத்தில் உடலியக்கத்தைப் பெரிதும் இழந்த ஒருவரின் இழப்பீட்டு வழக்கை விசாரித்தபோது அவ்வறிவிக்கையை ரத்துச் செய்து, எல்லையைக் குறைக்கப் பணித்தது. சென்னை மாநகரில் 2023 நவம்பரில் காவல்துறை அறிவித்த எல்லைகள் ஊர்திக்கு ஊர்தி வேறுபட்டவை: இலகு ஊர்திக்கு 60, கனரக ஊர்திக்கும் இருசக்கர ஊர்திக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புச் சாலைகளில் யாவற்றுக்கும் 30. ஒரே சாலையில் ஒரே நேரத்தில் மூன்று எண்கள் நடப்பில் இருக்கையில், ஒற்றை எண் மட்டும் எழுதிய பலகை எந்த ஊர்தியை நோக்கிப் பேசுகிறது என்பதும் தெளிவின்மையின் ஒரு வகையே.

சாலையில் நின்று பார்த்தல்

மாணவரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவ்விடத்திற்குச் சென்றேன். அவர் அன்று வந்த திசையிலேயே காரில் மும்முறை சென்று பார்த்தோம். நடந்து சென்று பார்ப்பது போதாது, நடப்பவனுக்குப் பலகைக்கு முன் பல நொடிகள் உண்டு, ஓட்டுபவனுக்கு இல்லை.

இங்கே சிறிது கணக்கு வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர். 50 மீட்டர் தொலைவிலிருந்துதான் ஒரு பலகை கண்ணில் படுமாயின், அதனைக் கண்டு, படித்து, பொருள் கொள்ள இரண்டு நொடிகளுக்குச் சற்று மேலான நேரமே கிடைக்கும். 80இலிருந்து 40க்குக் குறைக்க வேண்டுமானால், நொடிக்கு 2.5 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால், ஏறத்தாழ 74 மீட்டர் செல்லும். கண்டபின் காலைத் தடைமிதியில் வைப்பதற்கு ஒரு நொடி என்றால் மேலும் 22 மீட்டர். ஆக 96 மீட்டர். 50 மீட்டரில் மட்டுமே தெரியும் பலகையைக் கடக்கும்போதே அதன் சொற்படி நடப்பது, பின்னால் வருவோரை இடரில் தள்ளாமல் இயலாது. ஆனால் கேமரா பலகைக்கு அரைக் கிலோமீட்டர் அப்பால் இருக்குமானால் இவ்வாதம் நில்லாது. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் இருந்தும் குறைக்கவில்லை என்றாகிவிடும். ஆகவே பலகை தெரியத் தொடங்கும் இடம், பலகை நிற்கும் இடம், கேமரா இருக்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட தொலைவே வழக்கின் உயிர்நாடி. கோபத்தோடு எழுதப்படும் முறையீடுகளில் இம்மூன்று எண்களும் பெரும்பாலும் இருப்பதில்லை.

நாங்கள் கண்டது இது. மேம்பாலப் பணிக்காக நடப்பட்ட 40 என்னும் பலகை ஒன்று உண்மையிலேயே அங்கு இருந்தது. பாலம் திறக்கப்பட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன என்று அருகிலிருந்த தேநீர்க்கடைக்காரர் கூறினார். பலகையின் முகத்தை மறைத்துக் காதணி விழா விளம்பரப் பதாகை ஒன்று இரு கம்புகளில் கட்டப்பட்டிருந்தது. பதாகையைக் கடந்தபின், பதினைந்து அடி தொலைவில், பலகையின் விளிம்பு பக்கவாட்டில் தெரிந்தது. கேமரா கம்பம் அதற்கு அப்பால் ஏறத்தாழ 150 மீட்டரில். கட்டுப்பாடு முடிகிறது என்பதைக் குறிக்கும், குறுக்கே கருங்கோடிட்ட வெண்பலகை எங்குமே இல்லை. மாணவர் விழாப் பதாகையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காது குத்தியது அந்தக் குழந்தைக்கு, வலி எனக்கு" என்றார்.

பதாகை வைத்தவர் மீது நான் சினங்கொள்ளவில்லை. நம் ஊரில் யார்தான் வைக்கவில்லை? ஆயினும் போக்குவரத்து அடையாளத்தைக் கண்ணுக்கு மறைக்கும் விளம்பரங்களை அகற்ற, உயர்நிலைக் காவல் அலுவலருக்கு அதிகாரம் அளிக்க 116ஆம் பிரிவு இடந்தருகிறது. அகற்றாமல் விட்டுவிட்டு, அதே இடத்தில் கேமராவை மட்டும் விழித்திருக்கச் செய்வது முறையாகாது.

கேமராவுக்கும் கடமை உண்டு

கருவிகளைக் கொண்டு குற்றம் பதிவுசெய்வதற்கென்றே மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் 167ஏ என்னும் விதி சேர்க்கப்பட்டது. மாணவர்கள் இதனை ஒருமுறையேனும் படிக்க வேண்டும். கருவியின் துல்லியத்திற்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிக்கப்படும் சாலைப்பகுதிக்கு முன்னதாகவே எச்சரிக்கைப் பலகைகளை எளிதில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். அறிவிப்போடு, குற்றத்தையும் ஊர்தி எண்ணையும் காட்டும் தெளிவான நிழற்படம், கருவி காட்டிய அளவு, நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு, மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழ் ஆகியவை இருக்க வேண்டும். குற்றம் நிகழ்ந்த பதினைந்து நாள்களுக்குள் அறிவிப்பை அனுப்ப வேண்டும். மின்னணுச் சான்றிதழ் பற்றி அவ்விதி சுட்டும் பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்கு ஈடாக, 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது.

கருவியின்றிப் பிடிக்கப்படுவோருக்கும் ஒரு காப்பு உண்டு. ஒரேயொரு சாட்சி தம் கருத்தளவில் வேகம் மிகுதி என்று கூறுவதை மட்டும் கொண்டு தண்டித்தலாகாது, அக்கருத்து இயந்திர அல்லது மின்னணுக் கருவியால் பெறப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது 183ஆம் பிரிவு. அதே பிரிவு, சட்டத்தை மீறாமல் சென்றடைய இயலாத கால அட்டவணையை வகுத்துக் கொடுப்பவரையும் குற்றத்திற்கு உட்படுத்துகிறது. நம் ஊர்த் தனியார் பேருந்துகளின் நிமிடக் கணக்கை அறிந்தவர்கள் இதனைப் படித்தால் சிரிப்பார்கள். அது வேறு கதை.

எதனைக் கொண்டு முடிவு செய்வது

என் வழக்கில் கிளை மறைத்தது மெய். அதற்கு நிழற்படமும் எடுத்திருக்க முடியும். எடுத்திருந்தால் வென்றிருக்கவும் கூடும். ஆயினும் அப்படத்தைக் காட்டி நான் சொல்லியிருக்கக் கூடியது, பலகை தெரிந்திருந்தால் மெதுவாகச் சென்றிருப்பேன் என்பதே. அது பொய். பள்ளியை அறிந்தே விரைந்தேன். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது எட்டாம் வகுப்புக் குழந்தைக்கும் நாம் சொல்லிக்கொடுக்கும் பாடம். அக்குழந்தை கடக்கும் சாலையிலேயே நான் அதனை மறந்தேன். முறையீட்டில் கையெழுத்திடுபவர் தம் கையெழுத்துக்குமேல் உள்ள சொற்றொடர் மெய்யா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். தினமும் செல்லும் சாலையாயின் விடை பெரும்பாலும் எதிராகவே வரும்.

மாணவருக்கு அச்சாலை புதிது, எல்லை பலகையால் மட்டுமே வந்தது, பலகை மறைந்திருந்தது, பணி முடிந்தும் நின்றது, எச்சரிக்கைப் பலகை காணப்படவில்லை. கூட்டிப் பார்த்தால் இது காட்டாமை. அவர் ஓட்டிய 62 கிலோமீட்டரும், தடையற்ற நான்குவழிச் சாலையில் யாரும் கண்மூடித்தனம் என்று கூறும் வேகமன்று. 40 மட்டுமன்றி எந்த நியாயமான எல்லையையும் தாண்டி 110இல் அவர் சென்றிருந்தாரானால், பலகையைப் பற்றிப் பேசவே நான் உடன்பட்டிருக்க மாட்டேன்.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இணக்கக் கட்டணமாக 1000 ரூபாய் செலுத்தினால் நடவடிக்கை அத்துடன் முடிகிறது. வழக்காடித் தோற்றால் அபராதம் 2000 வரை போகலாம். நீதிமன்றத்துக்குச் செல்லும் நாளின் வருவாயும் போகும். வழக்கறிஞர் கட்டணம் தனி. பணக்கணக்கு மட்டும் பார்த்தால் பலருக்கு வழக்காடுவது நட்டமே. ஓட்டுநர் தொழிலில் உள்ளவர்க்கு உரிமம் என்னும் கணக்கும் சேர்கிறது. அங்கே தராசு சாய்கிறது.

முறை பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். அறிவிப்பில் குறித்த கெடு நாளை முதலில் பார்க்க வேண்டும். அது கடந்தபின் நல்ல வழக்கும் கெடும். இ-சலான் இணையத்தளத்திலேயே குறைமுறையீடு செய்ய இடமுண்டு. நிழற்படங்களை ஓட்டுநரின் இருக்கை உயரத்திலிருந்து, தொலைவை எழுதிவைத்து, நாள் தெரியும்படி எடுக்க வேண்டும். பதாகையும் கிளையும் நாளை அகற்றப்படலாம். அறிவிக்கையின் படியையும் கருவிச் சான்றிதழின் படியையும் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்; விடைக்கு 30 நாள் கெடு. மெய்நிகர் நீதிமன்றத்துக்கு அறிவிப்பு சென்றிருப்பின், அபராதத்தை ஏற்பதா எதிர்ப்பதா என்று அங்கே கேட்கப்படும். எதிர்த்தால் வழக்கு உரிய நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். அங்கே "நான் பார்க்கவில்லை" என்று தொடங்காமல், "இவ்விடத்தில், இத்தனை மீட்டரில், இது இவ்வாறு மறைந்திருந்தது, அறிவிக்கையைக் காட்டுமாறு வேண்டுகிறேன்" என்று தொடங்குவதே நன்று.

இவற்றோடு, தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்னும் எண்ணுக்குப் பலகையைப் பற்றித் தனியே தெரிவிக்க வேண்டும். நானும் என் பள்ளிச் சாலையின் வேப்பங்கிளை குறித்து உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். அபராதம் கட்டியவன் எழுதிய மனு என்பதாலோ என்னவோ, அலுவலர் சற்று வியந்து பார்த்தார். இரண்டு வாரத்தில் கிளை வெட்டப்பட்டது.

மாணவரின் முறையீடு இணையத்தளத்தில் ஏற்கப்படவில்லை. வழக்கு நடுவர் நீதிமன்றத்துக்குச் சென்றுள்ளது. அறிவிக்கையின் படி கேட்ட மனுவுக்கு, அவ்விடத்துக்கென அறிவிக்கை ஏதும் தம் கோப்பில் இல்லை என்று ஓர் அலுவலகம் எழுத்தில் விடை தந்திருக்கிறது. அத்தாளை அவர் காரின் கையுறைப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். முதல் வாய்தாவில் பெயரை அழைத்து அடுத்த நாள் குறித்தனர். அன்று விட்டுப்போன சவாரி 1800 ரூபாய் என்று தம் குறிப்பேட்டில் எழுதியுள்ளார்; அடுத்த வாய்தா நாளுக்கு எதிரே இப்போதைக்கு வெற்றிடம் விட்டிருக்கிறார்.